நான்கு வருடம், ஏழு பேர்: ஊரை மாற்றலாமா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வாரம் ஃபேன் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு ஃபேனை அணைத்துவிட்டேன். கும்பகோணத்து வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். துண்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தசமபாகம் பற்றி ஒரு கேள்வியை எடுத்து வைத்திருந்தேன். அது இருக்கட்டும், அடுத்த வாரமும் அது அங்கேயேதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். அவரும் மனைவியும் அங்கே நான்கு வருடமாக ஊழியம் செய்கிறார்கள். வாடகை வீட்டில்தான் ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வருகிறார்கள், அதில் ரெண்டு பேர் இவருடைய பிள்ளைகள். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், எதையும் விட்டதில்லை. ஆனால் அனுப்பிய சபையில், "ஜெபம் போதவில்லை, அதனால்தான் வளரவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். தம்பி கேட்கிறார்: "ஐயா, ஊரை மாற்றலாமா? இல்லை, நாற்பது நாள் உபவாசம் இருந்து பார்க்கட்டுமா?"

பதிவின் கடைசியில் இன்னொரு குரல். பின்னாலிருந்து அவர் மனைவி, "போதும், வைங்க" என்கிறார். அதோடு பதிவு நின்றுவிடுகிறது.

தம்பி, உங்கள் கேள்வியை நான் ஒரு தடவைதான் கேட்டேன். அந்த "போதும், வைங்க"வைத்தான் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இந்த "ஜெபம் போதவில்லை" என்ற பேச்சு. ஜெபத்தை மரக்காலில் அளக்கிற பழக்கம் நம்மிடம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. இத்தனை மரக்கால் ஜெபம் கொட்டினால் இத்தனை ஆத்துமா, குறைந்தால் கொட்டியது பற்றவில்லை. கொல்லையில் ஆழ்குழாய் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் கொட்டுகிறதே, அந்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் வரவில்லையா, சுவிட்சை இன்னும் அழுத்திப் போடு.

லூக்கா 18-ஐக் காட்டுவார்கள். "சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும்" என்பதற்காக ஆண்டவர் சொன்ன உவமை. ஒரு விதவை, தேவனுக்குப் பயப்படாத ஒரு நியாயாதிபதி. அந்த ஆள் கடைசியில் என்ன சொல்கிறான்? "இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி" நியாயம் செய்துவிடலாம் என்கிறான். அலட்டுவது! நம் வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று. அதை வைத்து, "தேவனையும் அப்படி அலட்டுங்கள், கொடுத்துவிடுவார்" என்று பிரசங்கம் செய்கிறோம். ஆனால் தேவன் அந்த நியாயாதிபதி மாதிரி இல்லை என்பதுதானே உவமையே. அவனே கொடுத்தானென்றால் இவர் எவ்வளவு அதிகமாகக் கொடுப்பார் என்கிறார் ஆண்டவர்.

நான் அந்த விதவையைப் பார்க்கிறேன். அவள் எத்தனை மணி நேரம் பேசினாள் என்று வேதம் சொல்லவில்லை. வந்தாள், முடியாது என்றார்கள், வீட்டுக்குப் போனாள், மறுபடியும் அதே வாசலுக்கு வந்தாள். நேற்று துரத்தின அதே சேவகன் இன்றும் அங்கே நின்றிருப்பான். அவன் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அவளுடைய விடாமுயற்சி எனக்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது.

விதவை என்றதும் க்ளோரிந்தா அம்மாள் ஞாபகம் வருகிறது. மராட்டியப் பிராமண விதவை. ஞானஸ்நானம் வேண்டும் என்று ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டார். அந்த அம்மாள் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்து வந்ததால் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகும் அம்மாள் விடவில்லை, மறுபடியும் கேட்டு, 1778-இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றார். 1785-இல் அங்கே ஆலயம் எழும்பியதும் அவரால்தான். நாம் எப்போதும் ஊழியக்காரனுடைய விடாமுயற்சியைப் பற்றியே பேசுகிறோம். இங்கே தட்டிக்கொண்டே இருந்தது அந்த அம்மாள், கதவுக்கு உள்ளே நின்றது ஊழியக்காரர். சரி, இது வேறு பாதை, நான் திரும்பி வருகிறேன்.

தம்பி, நீங்கள் இருக்கும் இடம் கடைமடை.

தெரியும், தெரியும். "ஐயா மறுபடியும் தூர் வாரக் கிளம்பிவிட்டார்" என்று கமெண்டில் எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். இந்தத் தம்பி புதிதாகப் பார்க்கிறவராக இருக்கலாம், அவருக்காக இன்னொரு தடவை சொல்கிறேன்.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்க வேண்டும். திறந்தால் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள். அங்கேதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிடுகிறார்கள். பிரிந்த தண்ணீர் ஆறாகி, கிளை ஆறாகி, வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகி உங்கள் ஊருக்கு வர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று யார் சொல்ல முடியும்? தலைமடைக்காரன் நாற்றுப் பறித்து நடவு முடித்த பிறகும் கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பான். சில வருடம் அவனிடம் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காது.

அந்த நாட்களில் கடைமடைக்காரன் என்ன செய்கிறான்? மேட்டூருக்குப் போய் மதகைத் திறக்க அவனால் முடியாது. அவன் கையில் இருப்பது மண்வெட்டி. தன் வயலுக்கு வரும் வாய்க்காலில் கோரையை அறுக்கிறான், ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுகிறான், சேற்றை வெட்டிக் கரையில் போடுகிறான். தண்ணீர் வராத வாய்க்காலை என்னத்துக்கு வெட்டுகிறாய் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. தண்ணீர் வருகிற அன்றைக்கு வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அது பக்கத்து வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜெபம் எனக்கு அந்த மண்வெட்டி வேலை. தினமும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் வாய்க்கால் வெட்டியவன், "நான் வெட்டியதால்தான் மேட்டூரில் திறந்தார்கள்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் வராவிட்டால், "நீ ஒழுங்காக வெட்டவில்லை" என்று தலைமடையில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்லவும் கூடாது. உங்களை அனுப்பிய சபைக்கு நான் இதைத்தான் சொல்வேன். அவர்களும் பார்க்கிறார்கள் என்று கேள்வி. பார்க்கட்டும்.

இப்போது என் கதை ஒன்று. பசுமாட்டுக் கதை. பழைய ஆட்களுக்குப் பாதி தெரியும், மீதியை நான் இதுவரை சொன்னதில்லை.

ஊழியத்துக்கு வந்த புதிது. வெண்ணாற்றுப் பக்கம் ஒரு ஊர், சைக்கிளில் போவேன். அந்த ஊரில் ஓர் அம்மாள் காலையில் இட்லி சுட்டு விற்பார். ஊரே அவரை அப்பாயி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் திண்ணையில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிடுவேன், பாதி நாள் கடன்தான். ஒருநாள் போனால் வீட்டில் ஒரே கூட்டம். சினைப்பசு ஒன்று கன்று போட முடியாமல் ராத்திரியிலிருந்து கிடக்கிறது. கன்று உள்ளே குறுக்கே திரும்பிவிட்டது. மாட்டு டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது. நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கைகளை உயர்த்தி, "கர்த்தர் இன்றைக்கு இந்தத் தெருவில் அற்புதம் செய்வார்" என்று சத்தமாக ஜெபித்தேன். ஊர் முழுக்க இன்றைக்கே என் பக்கம் வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் வந்தார். ஒரு மணி நேரம் போராடிக் கன்றை வெளியே எடுத்தார். கன்று செத்திருந்தது. பசு பிழைத்தது.

அதுவரைக்கும்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். "பசு பிழைத்தது, ஸ்தோத்திரம்" என்று முடித்துவிடுவேன். அப்புறம் நடந்ததைச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் அந்தத் தெருவுக்கே போகவில்லை. வாய்க்கால் கரையோடு சுற்றி, ஊருக்கு அந்தப் பக்கமாகப் போய் வந்தேன். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வீட்டில் விழுந்து விழுந்து ஜெபித்தேன், உபவாசம் கூட இருந்தேன். "ஆண்டவரே, இந்த ஊரைத் தாரும்" என்று கண்ணீர் விட்டு அழுதேன். அந்த ஒரு தெருவில் மட்டும் கால் வைக்கவில்லை.

அறுவடைக் காலம் அது. நெல் கொள்முதல் நிலையத்தில் குவியல் குவியலாக நெல்லைக் கொட்டி, மேலே தார்ப்பாயைப் போட்டு, எடை போடும் முறை வருவதற்காக ஆட்கள் நாள் கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அந்த வழியாகப் போகும்போது அப்பாயி தன் நெல்லுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு மிதித்தேன். விடவில்லை. "ஏ தம்பி, நில்லு" என்று ஒரு சத்தம். நிறுத்தினேன்.

"கன்னுக்குட்டி செத்ததுக்கு நீ ஏன்யா ஓடி ஒளியிற? நீயா கொன்ன?"

எனக்குப் பேச்சே வரவில்லை. ஏதோ உளறினேன். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் அப்பாயி என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்படியா? என் பேரு என்ன, சொல்லு?"

தெரியவில்லை. எட்டு மாதம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். "ஆண்டவரே, அந்த இட்லிக்கார அம்மாவை இரட்சியும்" என்று எட்டு மாதம் ஜெபித்திருக்கிறேன். பெயர் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அன்றைக்கு ராத்திரி அந்த நெல் குவியல் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன். விடிய விடியப் பேச்சு. மகன் திருப்பூரில் இருக்கிறான், மருமகள் பேசுவதில்லை, புருஷன் இறந்தது எந்த மழையில், எல்லாம். மாட்டின் பெயர்கூடச் சொன்னார். மறுநாள் காலையில் அதே திண்ணையில் இட்லி சாப்பிட்டேன். தெருவில் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள், "அற்புதம் வந்துட்டாரு" என்றான் ஒருவன். அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.

பிறகு பல மாதம் கழித்து, ஜெபக்கூட்டம் நடத்த இடமில்லாமல் நாங்கள் நின்றபோது, "என் திண்ணையில வச்சுக்கட்டும், யாரு கேக்குறா பாப்போம்" என்றவர் அவர்தான். இன்றைக்கு அந்த ஊரில் சபை இருக்கிறது. பெரிய சபை இல்லை, இருக்கிறது. அப்பாயி கடைசி வரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதை நிறுத்தவுமில்லை. வாசலில் நின்று பாட்டைக் கேட்பார், பிரசங்கம் நீண்டால் போய்விடுவார். அவருக்காக நான் ஜெபித்ததெல்லாம் வீணா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியாது.

தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கத்தில் இருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம், ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது. சுவார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் இருக்கிறார், சரபோஜி மன்னர் பக்கத்தில் நிற்கிறார். செய்யச் சொன்னதே மன்னர்தான். ஐயர் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார், 1798-இல் தஞ்சாவூரில் இறந்தார். நாற்பத்தெட்டு வருடம், ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. சரபோஜியை மகன் மாதிரிப் பார்த்துக்கொண்டார். மன்னர் கிறிஸ்தவராகவில்லை. இந்தக் காலத்து ரிப்போர்ட்டில் இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவார்கள்? எனக்கு அந்தச் சிற்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாயி ஞாபகம்தான் வரும். அவருக்கு யாரும் சலவைக்கல்லில் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது ஊரை மாற்றுவது. "பவுல் கால் தூசியை உதறிவிட்டுப் போகவில்லையா?" என்று கேட்பீர்கள். போனார். அப்போஸ்தலர் 13-இல் பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் தூசியை உதறிவிட்டு இக்கோனியாவுக்குப் போகிறார். நிறைய பேர் அந்த வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த அதிகாரத்தையும் படியுங்கள். லீஸ்திராவில் அவரைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்தார், மறுநாள் தெர்பைக்குப் போனார். அங்கே வேலை முடிந்ததும் எங்கே போகிறார்? லீஸ்திரா, இக்கோனியா, அந்தியோகியா என்று வந்த வழியே திரும்புகிறார்! கல்லெறிந்த ஊர், விரட்டின ஊர், தூசியை உதறின ஊர். போய் என்ன செய்தார்? சபைகள்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தி, உபவாசித்து ஜெபம்பண்ணினார் என்று இருக்கிறது. உபவாசம் வருகிறது பாருங்கள். திரும்பிப் போன பிறகு, அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து இருந்த உபவாசம் அது. நான் இருந்த மூன்று வார உபவாசத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

தீமோத்தேயு யார் என்று கேட்டால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவரைப் பவுல் எங்கே கண்டெடுத்தார்? 16-ஆம் அதிகாரம், தெர்பை, லீஸ்திரா பக்கம். கல்லெறிந்த ஊருக்குப் பவுல் மறுபடியும் போனதால் கிடைத்த பிள்ளை.

நம் பக்கத்துக்கே வருவோம். ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்க்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அனுப்பியது டென்மார்க் ராஜா, ஆனால் அங்கிருந்த டேனிஷ்கோட்டைத் தளபதிக்கே அவர்களைப் பிடிக்கவில்லை. மொழி தெரியாது. ஒரு வாத்தியாரைப் பிள்ளைகளோடு சேர்த்துக் கூட்டிவந்து, பிள்ளைகள் மணலில் எழுத்துப் போட, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சீகன்பால்க்கும் அ, ஆ எழுதினார். 1708 கடைசியில் அதே தளபதி அவரை டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்துப் போட்டார், நான்கு மாதம். விடுதலையாகி வெளியே வந்தால் தளபதி கோட்டையில்தான் இருக்கிறார், ஊர் சின்ன ஊர், தினமும் முகத்தில் முழிக்க வேண்டும். அவர் வேறு ஊர் தேடவில்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்து அச்சில் கொண்டுவந்தார், 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார், அடுத்த வருடமே முப்பத்தாறு வயதில் போய்விட்டார். அந்த ஆலயத்துக்குள்தான் அடக்கம்.

முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் ஐயர் அபிஷேகம் பெற்றது 1733 டிசம்பரில். கணக்குப் போடுங்கள், இருபத்தேழு வருடம். சீகன்பால்க் அதைப் பார்க்கவே இல்லை. தம்பி நான்கு வருடத்தில் நிற்கிறார்.

இத்தோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும், "விடாமல் ஜெபித்தால் கடைசியில் கிடைக்கும்" என்று எல்லாரும் சந்தோஷமாகப் போவீர்கள். ஆனால் அதே தரங்கம்பாடியில் இன்னொரு கதை இருக்கிறது. அதை மேடையில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் கைதட்ட இடமில்லை.

மொரேவியர்களை உங்களுக்குத் தெரியும், மிஷனரி ஊழியத்துக்குப் பேர்போன ஒரு புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட், 1727-இல் தொடங்கி நூறு வருடம் இரவும் பகலும் விடாத ஜெபச் சங்கிலி. நம் முழு இரவு ஜெபத்தில் எல்லாம் அந்த உதாரணம் வரும். அவர்களில் ஒரு கூட்டம் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் தங்கினார்கள். அவர்கள் போக நினைத்தது நிக்கோபார் தீவுகளுக்கு. 1768-இல் நான்கௌரித் தீவில் போய் இறங்கினார்கள். காய்ச்சல், பசி, வருடத்துக்கு ஒரு கப்பல்கூட நிச்சயமில்லை. தீவிலேயே பதினொரு பேர் செத்தார்கள். நோயோடு தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்த பின் பதின்மூன்று பேர். 1787-இல் தீவை விட்டுவிட்டார்கள். பின்னால் தரங்கம்பாடித் தோட்டத்தையும் மூடிவிட்டுப் போனார்கள். சபை ஒன்றும் நிற்கவில்லை.

இவர்களுக்கு ஜெபம் போதவில்லை என்று சொல்லுங்களேன் பார்ப்போம்! பின்னால் நூறு வருட ஜெபம் நிற்கிறது.

நிக்கோபாரில் இன்றைக்குக் கிறிஸ்தவர்கள்தான் பெரும்பான்மை என்பது உண்மை. வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கார் நிக்கோபாருக்குப் போனார். அவரிடம் படித்த ஒரு நிக்கோபாரிப் பையன் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார், புதிய ஏற்பாட்டைத் தன் மொழிக்குக் கொண்டுவந்தார். "பார்த்தீர்களா, மொரேவியர் ஜெபத்தின் பலன்!" என்று நானும் ஒரு காலத்தில் பிரசங்கித்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அது வேறு தீவு, இடையில் நூறு வருடம். எந்தத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று கணக்குச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஒரே அலை நிக்கோபாரையும் தரங்கம்பாடியையும் அடித்தது. அன்றைக்குத்தான் இந்த ரெண்டு இடமும் ஒரே கடலின் ரெண்டு கரை என்று எனக்குப் புத்தியில் ஏறியது.

அப்படியானால் மொரேவியர்கள் நிக்கோபாரை விட்டது தப்பா? இல்லை. விட வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவரே பவுலைத் தடுத்தார் என்று இருக்கிறது. உடம்பு முடியாமல் போகலாம், வீட்டில் ஒருவர் உடைந்துபோகலாம், உங்களைவிட அந்த ஊருக்குப் பொருத்தமான ஆள் வந்துவிடலாம். அப்போது போவது ஓட்டமில்லை. நீங்கள் எந்தத் தெருவில் முகத்தைக் காட்ட முடியவில்லையோ, அதற்காக ஊரை மாற்றுவதுதான் ஓட்டம். அடுத்த ஊரிலும் அந்தத் தெரு இருக்கும், தம்பி.

அதனால் நீங்கள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, நான் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிற கேள்வியைக் கேட்கிறேன். நான்கு வருடமாக "இந்தக் கிராமத்தைத் தாரும்" என்று ஜெபிக்கிறீர்கள். அந்த ஊரில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? சபைக்கு வருகிற ஐந்து பேரை விடுங்கள். டீக்கடைக்காரர், நடவு ஆட்களைக் கூட்டி வருகிற அம்மாள், கோயில் பூசாரி, உங்கள் கைப்பிரதியைக் கிழித்துப் போட்டவர், அவர் பெயர்? அவருடைய பிள்ளை பரீட்சையில் என்ன வாங்கியது? எந்த வீட்டு வாசலை நீங்கள் சுற்றிக்கொண்டு போகிறீர்கள்? இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள், பெயர்களாக எழுதுங்கள். அப்புறம் காலை நாலு மணி ஜெபத்தில் அந்த நோட்டைத் திறந்து வையுங்கள். ஜெபம் குறையாது, வேறு மாதிரி ஆகிவிடும். பெயர் தெரிந்த ஆளுக்கு விரோதமாக ஜெபிக்க வராது, அவரை ஓர் எண்ணாக நினைக்கவும் முடியாது. பொருளைக் காட்டி, பயத்தைக் காட்டி யாரையும் இழுக்க மனசு வராது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் மறுநாள் அவர் திண்ணையில் போய் உட்கார வேண்டுமே, அந்த யோசனை இருக்கும்.

நாற்பது நாள் உபவாசம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெள்ளிக்கிழமை உபவாசத்தைத் தொடருங்கள். அன்றைக்கு மிச்சமாகும் நேரத்தில் நடந்து போய் யாரையாவது பாருங்கள். இந்த சம்பா அறுவடை முடியட்டும். தை மாதம் நோட்டில் எத்தனை பெயர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அப்புறம் ஊரை மாற்றுவது பற்றிப் பேசுவோம். ஏழு எட்டாக ஆனதா என்று நான் கேட்க மாட்டேன். உங்களை அனுப்பிய சபை கேட்கும், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், நம்பரை அனுப்புங்கள்.

கடைசியாக அந்த "போதும், வைங்க". நான்கு வருடமாக நாலு மணிக்கு எழுந்து, ஏழு பேருக்கும் சமைத்து, வாடகை எங்கிருந்து வரும் என்று பார்த்து, கூடவே ஜெபிக்கிறவரும் அந்தச் சகோதரிதான். அவர் களைத்துப் போய்ச் சொன்னாரா, "ஐயாவிடம் எத்தனை தடவை இதையே கேட்பீர்கள்" என்று சொன்னாரா, இல்லை, அடுப்பில் ஏதாவது கருகியதா, எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று ஒரு சந்தேகம். ஊரில் யார் யார் பெயர் என்ன என்று கேட்டால் உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும், குழாயடியில் நிற்கிறவர் அவர்தானே. நோட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

அடுத்த குரல் பதிவை அவர் அனுப்பட்டும். நீங்கள் பின்னால் நின்று கேளுங்கள்.

தசமபாகம் அடுத்த வாரம். ஃபேனைப் போடு தம்பி, முடித்துவிட்டேன்.